ஒன்பதாம் நம்பர் காட்டில் ஆனை இல்லை

நவம்பர் 4, செவ்வாய்

இன்றும் மழை. துவைத்த புடவை மூன்றாவது நாளாகக் கொடியில் ஈரமாகவே தொங்குகிறது. அறையெல்லாம் பூஞ்சை வாடை.

ஆபீஸுக்கு எழுதும் வாராந்திர அறிக்கையில் அலுப்பை எழுத இடமில்லை. அதனால் இதில் எழுதுகிறேன்.

ஜூன் மாதம் மஞ்சப்பாறை எஸ்டேட்டுக்கு வந்தேன். வால்பாறையிலிருந்து இன்னும் மேலே. வந்த வேலை இதுதான்: எஸ்டேட்டைச் சுற்றியுள்ள மேடுகளில் கம்பம் நட்டு, கம்பத்துக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். பெட்டிக்கு மேலே சோலார் தகடு. கொழுந்து பறிக்கிற பெண்களோ காவலுக்குச் சுற்றும் வாட்சரோ ஆனையைப் பார்த்தால் தங்கள் போனில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். செய்தி பக்கத்துப் பெட்டிக்குப் போகும். அது அடுத்த பெட்டிக்குச் சொல்லும், அது அதற்கடுத்ததற்கு. கொஞ்ச நேரத்தில் எஸ்டேட்டில் எல்லோருடைய போனிலும் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். செல்போன் டவர் தேவையில்லை. இங்கே டவர் இருந்தும் இல்லாதது போலத்தான்.

பெட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசினால் சரி. மழைக்காலத்தில் பேசுவதில்லை. வெயில் இல்லை, பேட்டரி ஏறுவதில்லை. நான் மலையேறி ஏறிப் பேட்டரி மாற்றுகிறேன். காலெல்லாம் அட்டைக்கடி.

ஓவியா மதியம் வரை கல்லூரியில்தான் இருந்தாள்.

நவம்பர் 5, புதன்

நேற்று எழுதியதைப் படித்தேன். ஓவியா கல்லூரியில் இருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? யார் கேட்கப் போகிறார்கள்.

மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது டியூஷன் போய்வர அவள் போன் இருக்கும் இடம் என் போனில் தெரியும்படி போட்டு வைத்தோம். அதை யாரும் எடுக்கவில்லை. நானும் அவள் அப்பாவும் பிரிந்தபோது, நான் அப்பாகூட இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். பத்தொன்பது வயதுப் பெண். அவள் இஷ்டம். அவள் இருக்கும் இடத்தை நான் போனில் அடிக்கடி பார்ப்பதில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஜெபமணி அக்கா வீட்டில் சாப்பாடு. ஒன்பதாம் நம்பர் காட்டில் கொழுந்து பறிக்கும் குழுவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். (இங்கே தேயிலைத் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் காடு என்றுதான் சொல்கிறார்கள், நம்பரோடு.) தொழிலாளர்களுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் இரண்டே அறை. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அவர் கணவர் மரியதாஸ் அண்ணன் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். சாப்பிட்டு முடிக்கிற வரை என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு போனை எடுத்து நீட்டினார்.

வரைபடம் முழுக்கச் சாம்பல் நிறம். ஒரு பகுதியிலிருந்து சில மணி நேரம் எந்தத் தகவலும் வராவிட்டால் அந்த இடம் சாம்பலாகிவிடும்படி நாங்கள் வைத்திருந்தோம். ‘இங்கே நிலவரம் தெரியாது’ என்று அர்த்தம். மழையில் பாதிப் பெட்டிகள் தூங்குவதால் எல்லாமே தெரியாது என்று ஆகிவிட்டது.

“இதைத் தினம் பாத்து என்ன பிரயோசனம் மேடம்?” என்றார் அண்ணன். “ஒன்னும் தெரியாதுன்னு சொல்ல எதுக்கு ஒரு போனு? அது எங்களுக்கே தெரியுமே.”

லைனில் பாதிப் பேர் அதைத் திறப்பதையே விட்டுவிட்டார்களாம். ஜெபமணி அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

நவம்பர் 12, புதன்

கோவை ஆபீஸில் தினகரோடு போனில் பேசினேன். போனில் ஓடும் இந்த வரைபடத்தை எழுதியவன் அவன்தான். சாம்பலை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். புள்ளி இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை, அவ்வளவுதான். தகவல் வராத இடமும் பச்சையாகத்தான் தெரியும், பரவாயில்லையா என்றான்.

யாரும் திறக்காத வரைபடத்தைவிட அது மேல் என்றேன். பெட்டிகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

நவம்பர் 14, வெள்ளி

பச்சை வந்துவிட்டது. கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

நல்ல நாள். எழுதி வைக்க வேண்டும், இப்படிப்பட்ட நாட்கள் குறைவு.

குட்டியோடு இருக்கிற கூட்டம் காலையில் ஆற்றைத் தாண்டி ஐந்தாம் நம்பர் காட்டுக்குள் வந்தது. வாட்சர் பார்த்து அழுத்தினார். பெண்கள் மஸ்டரில் பேர் கொடுத்துவிட்டுக் கிளம்புவதற்குள் எல்லோர் போனிலும் புள்ளி. ஐந்தாம் நம்பருக்குப் போக வேண்டியவர்களை ஜெபமணி அக்காவே தன் காட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். ஆனைகள் பாட்டுக்கு மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் சோலைக்குள் போய்விட்டன. இப்போது லைனில் எல்லோரும் போன் பார்க்கிறார்கள். “புள்ளி பாத்தியா?” என்று கேட்டுக்கொள்கிறார்கள். டீக்கடையில் எனக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ.

சந்தோஷம்தான். ஆனால் அறைக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம் எழவில்லை.

ஓவியா இன்று புரூக்ஃபீல்ட்ஸ் மாலுக்குப் போனாள் போலிருக்கிறது. படமாக இருக்கும்.

நவம்பர் 21, வெள்ளி

மேல்மேட்டுப் பெட்டி திணறுகிறது. ஒன்பதாம் நம்பர் காட்டுச் செய்தியெல்லாம் அது வழியாகத்தான் வர வேண்டும். காலையில் பேசுகிறது, மதியத்துக்குப் பிறகு ஊமை. புதுப் பேட்டரி கேட்டிருக்கிறேன். திங்கள் வருமாம்.

காடு மாறி ஒற்றை ஆனை ஒன்று வந்திருப்பதாக வாட்சர் சொன்னார். கூட்டத்தைவிட ஒற்றைக்குத்தான் இங்கே பயம்.

நவம்பர் 24, திங்கள்

பேட்டரி வந்தது. டிரைவர் மயில்சாமியின் ஜீப்பில் நாளைக் காலை முதல் வேலையாக மேல்மேட்டுக்குப் போக வேண்டும்.

ஓவியாவின் புள்ளி காலையிலிருந்து அவிநாசி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நிற்கிறது. நகரவேயில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அவள் அப்பாவும் எடுக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி அடித்தேன். சாயங்காலமும் அதே இடம்.

நவம்பர் 25, செவ்வாய்

கோவையில் வேலை. பெட்டியை நாளைக்குப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 26, புதன்

மரியதாஸ் அண்ணனை ஆனை அடித்துவிட்டது.

நேற்று சாயங்காலம் நடந்திருக்கிறது. நான் இன்று காலை பொள்ளாச்சியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது மயில்சாமிக்குப் போன் வந்தது.

எனக்குத் தெரிந்த வரை எழுதுகிறேன். பம்ப் ஹவுஸில் வேலை முடிந்து, கைமாற்ற ஆள் வந்த பிறகு, அண்ணன் போனைப் பார்த்திருக்கிறார். ஒன்பதாம் நம்பர் காடு பச்சையாக இருந்தது. ரோட்டைச் சுற்றிப் போகாமல் காட்டுக்குள் குறுக்குப் பாதையில் இறங்கியிருக்கிறார். எப்போதும் போகிற பாதைதான். சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் ஒற்றை ஆனை நின்றிருக்கிறது. மூடுபனி. பக்கத்தில் போகும் வரை தெரியவில்லை. தும்பிக்கையால் ஒரே தட்டு. செடிகளுக்கு நடுவே உள்ள வாய்க்காலில் போய் விழுந்ததால் உயிர் பிழைத்தார். ஆனை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் போனதாம். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. விலா எலும்பும்.

மேல் வரிசையில் பறித்த பெண்கள் மதியத்துக்குப் பிறகே அந்த ஆனையைப் பார்த்திருக்கிறார்கள். பொத்தானையும் அழுத்தியிருக்கிறார்கள். ஆனையிடமிருந்து தப்பி வந்துவிட்டோம், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். அண்ணன் போனிலும் புள்ளி விழுந்திருக்கும் என்று ஜெபமணி அக்காவும் நம்பியிருக்கிறார். செய்தி அவர்கள் போனிலேயே இருந்துவிட்டது. வாங்கிக்கொள்ளப் பெட்டி விழித்திருக்கவில்லை.

கொழுந்து லாரியில் படுக்க வைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஜீப் மலையில் இல்லை.

நவம்பர் 27, வியாழன்

விடிந்ததும் மேல்மேட்டுக்கு ஏறிப் பேட்டரியை மாற்றினேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த நிமிடம் என் போன் அதிர்ந்தது. ஒன்பதாம் நம்பர் காட்டில் ஒற்றை ஆனை.

எனக்கு உடனே புரியவில்லை. சுற்றிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது, அது செவ்வாய்க்கிழமைச் செய்தி. பெண்களின் போனில் காத்துக்கொண்டிருந்தது, பெட்டி உயிர் பெற்றதும் கிளம்பிவிட்டது. இப்போதுதான் எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது.

கீழே ஒன்பதாம் நம்பரில் அப்போதுதான் பறிக்க ஆரம்பித்திருந்தார்கள். மேலேயிருந்து பார்க்கிறேன், கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். ஒருத்தி விழுந்து எழுந்து ஓடுகிறாள். ஆனை இல்லை, பழைய செய்தி என்று கத்தினேன். அவ்வளவு தூரம் கேட்குமா.

இறங்கிப் போனபோது எடை போடும் கொட்டகையில் கூடியிருந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒவ்வொருத்தராகப் போனை எடுத்து, என் கண் முன்னாலேயே அந்த வரைபடத்தை அழித்தார்கள். எப்படி அழிப்பது என்று தெரியாத ஒரு அம்மா என்னிடமே போனை நீட்டி, இதை எடுத்துவிடு தாயி என்றார். எடுத்துவிட்டேன்.

நவம்பர் 29, சனி

பொள்ளாச்சி ஆஸ்பத்திரி. ஆபரேஷன் முடிந்துவிட்டது. அண்ணன் மயக்கமும் தூக்கமுமாக இருந்தார். ஜெபமணி அக்கா வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். வாங்கிப்போன ஹார்லிக்ஸையும் ஆரஞ்சையும் கீழே வைத்தேன்.

அக்கா கேட்டார். “அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க மேடம்?”

ஆபீஸுக்கு நான் எழுதியனுப்பிய பதில் ஒன்று இருந்தது. மோசமான வானிலை, மாற்றுப் பேட்டரி தாமதம், இப்படி. அதில் பொய் எதுவும் இல்லை. அதையே சொல்ல வாயைத் திறந்தேன்.

“என் பொண்ணப் பாக்கப் போயிருந்தேங்க்கா” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொண்ணு நல்லாருக்குதா?”

“நல்லாருக்கா.”

தலையை ஆட்டினார். நர்ஸ் கூப்பிட்டதும் எழுந்து போனார். ஆரஞ்சுப் பையை எடுத்துக்கொண்டு போனாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று நான் கவனிக்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

அன்று கோவையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

மயில்சாமி என்னைப் பொள்ளாச்சி வரை கொண்டுவிட்டார். வழியில் மரம் விழுந்து நேரமாகிவிட்டது. அவரைத் திரும்பப் போகச் சொல்லியிருக்கலாம். இருங்கள், எப்போது திரும்புவேன் என்று தெரியவில்லை, என்றேன். அங்கிருந்து பஸ்.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மாடியாக ஏறிக் கேட்டேன். அந்தப் பெயரில் யாரும் இல்லை. என் போனில் புள்ளி மட்டும் என் காலடியிலேயே நிற்கிறது. கடைசியில் ஒரு அறையில் ஓவியாவின் சிநேகிதியின் அம்மா படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தவள் போனை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாளாம். சைலண்டில் கிடந்த அதை அலமாரி மேல் சார்ஜில் போட்டு வைத்திருந்தார்கள். என் தவறிய அழைப்புகள் அதில் வரிசையாக இருந்தன.

அதோடு திரும்பியிருக்க வேண்டும். போனை வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். பரீட்சை முடிந்து தோழிகளோடு வெளியே வந்தாள். தலைமுடியை வெட்டியிருக்கிறாள், நன்றாக இருந்தது. நான் தொப்பலாக நனைந்து கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். முதலில் பயந்துவிட்டாள். அப்பாவுக்கு என்ன என்று கேட்டாள். போனை நீட்டினேன். போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போன் ஆஸ்பத்திரியில் இருந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது.

சத்தம் போடவில்லை. “இத்தன நாளா?” என்று மட்டும் கேட்டாள்.

அன்று பஸ்ஸில் வரும்போதே புள்ளி காணாமல் போய்விட்டது. தங்குவதற்குப் பொள்ளாச்சியில் ஒரு லாட்ஜ். மழையில் மலை ஏற வேண்டாம் என்று மயில்சாமி சொன்னார்.

டிசம்பர் 4, வியாழன்

காய்ச்சல். கஞ்சி.

டிசம்பர் 7, ஞாயிறு

ஓவியா கூப்பிட்டாள். நான் எதிர்பார்க்கவில்லை. சிக்னலுக்காகக் கோவில் மேட்டுக்கு ஓடினேன்.

அன்று அவசரத்துக்கு என்று நான் நம்பர் கொடுத்து வைத்த மயில்சாமியிடமிருந்து அவள் அப்பாவுக்கு, அவரிடமிருந்து அவளுக்கு, மரியதாஸ் அண்ணன் விஷயம் போயிருக்கிறது. அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். காற்று இரைந்தது. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

“அம்மா, நீ பாக்காத” என்றாள். “கேளு. கேட்டா சொல்றேன்.”

“கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறியே.”

“எடுக்கறேன். எடுக்க முடியாட்டி மெசேஜ் போடறேன். ஆனா நீ பாக்காத.”

சரி என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். புளிசாதம் என்றாள். முதல் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று சொன்னேன். சிரித்த மாதிரி இருந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

டிசம்பர் 9, செவ்வாய்

தினகரிடம் சாம்பலைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். அவன் ஏற்கெனவே தயாராக வைத்திருந்தான். எதையும் சொல்லிக் காட்டவில்லை, நல்ல பையன்.

ஆனால் சாம்பல் மட்டும் போதாது, மறுபடி எல்லாம் சாம்பலாகி மறுபடி யாரும் திறக்க மாட்டார்கள். ஆனையைப் பார்த்தால்தான் இவர்கள் அழுத்துகிறார்கள். பார்க்கப் போய், ஆனை இல்லாமல் இருந்தால் அதைச் சொல்லப் பொத்தானே இல்லை. நாங்கள் யாரும் அதைக் கேட்டதே இல்லை. ‘இல்லை’ என்று ஒரு பொத்தான் வேண்டும் என்றேன். யார் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள், எப்போது சொன்னார்கள், இரண்டும் வரைபடத்திலேயே தெரிய வேண்டும். அப்படிச் சொன்ன இடம் மட்டும் கொஞ்ச நேரத்துக்குப் பச்சை. நேரம் போகப் போக வெளுத்து மறுபடி சாம்பல். பழைய செய்தி தாமதமாக வந்தால் புதிது போலத் துள்ளக் கூடாது.

டிசம்பர் 12, வெள்ளி

மஸ்டர் நேரத்தில் நின்று விளக்கினேன். மேல்மேட்டுப் பெட்டி அன்று செத்துக் கிடந்தது, மாற்ற வேண்டிய நான் கோவையில் இருந்தேன் என்பதையும் சொன்னேன். இல்லாத ஆனையைச் சொல்ல எதுக்குப் போன் என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மயில்சாமி மட்டும் நாள் முழுக்க ஜீப் போகிற இடமெல்லாம் ‘இல்லை’ அழுத்திக்கொண்டிருக்கிறார். எஸ்டேட் ரோடு மட்டும் வரைபடத்தில் பச்சைக் கயிறு மாதிரி ஓடுகிறது. சுற்றிலும் சாம்பல்.

டிசம்பர் 14, ஞாயிறு

துணி துவைத்தேன். ஓவியாவைக் கேட்டேன், சொன்னாள். சளி பிடித்திருக்கிறதாம்.

டிசம்பர் 16, செவ்வாய்

மரியதாஸ் அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். மெலிந்துவிட்டார். பம்ப் ஹவுஸில் இனி வேறு ஆள்தான். அதைப் பற்றி அவர் பேசவில்லை. வாக்கரைக் காட்டி, புது வண்டி வாங்கியிருக்கேன் மேடம், பெட்ரோல் வேண்டாம் என்றார். சிரிக்கும்போது விலா வலித்து முகம் கோணிவிட்டது.

ஜெபமணி அக்கா டீ கொடுத்தார். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தார். தன் போனை என்னிடம் நீட்டினார். அன்று கொட்டகையில் அழித்தவர்களில் அவர் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆனால் அவர் போனிலும் வரைபடம் இல்லை. எப்போது எடுத்தாரோ. திரும்பப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

டிசம்பர் 19, வெள்ளி

மதியத்துக்கு மேல் மேல்மேட்டில் இருந்தேன். சோலார் தகட்டில் படிந்திருந்த பாசியைத் துடைத்து, ஒயரைச் சரிசெய்து நிமிரும்போது மேகம் இறங்கிவிட்டது. சாயங்காலம் மயில்சாமி ஜீப்பில் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஜீப் கீழே சேற்றில் மாட்டிக்கொண்டது, நேரமாகும் என்று செய்தி போட்டார்.

நின்றுகொண்டே இருந்தால் இருட்டிவிடும். மேட்டின் மேலே ஆனைச் சாணம் கிடந்தது, புதிதா பழையதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ரோடு சுற்றிக்கொண்டு போகும், அதில் பாதி சாம்பல். நேரே கீழே இறங்கினால் ஒன்பதாம் நம்பர் காடு. அண்ணன் விழுந்த பாதை. நவம்பருக்குப் பிறகு நான் அதில் கால் வைக்கவில்லை.

போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் நம்பர் பச்சையாக இருந்தது. தொட்டதும் எழுத்து வந்தது. ‘இல்லை. ஜெபமணி. இப்போது.’

இதே இடத்தை நானும் ஒரு மாதம் முன்பு பச்சையாக்கி வைத்திருந்தேன். யாரும் போய்ப் பார்க்காமலேயே.

இறங்கினேன். செடிகள் இடுப்பு வரை. எதிரில் நாலு வரிசைக்கு மேல் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு சில்வர் ஓக் மரமும் ஆனையாகத்தான் தெரிந்தது. அந்த வாய்க்காலைத் தாண்டும்போது ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு நடந்தேன்.

கீழே எடை போடும் கொட்டகைக்குப் பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. தலையில் பிளாஸ்டிக் சீட்டு. கையில் போன். பறிக்கிற பெண்களெல்லாம் எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

“வண்டி மாட்டிக்கிச்சுன்னு மயில்சாமி சொன்னாரு” என்றார் ஜெபமணி அக்கா. “நீங்க இதுலதான் எறங்குவீங்கன்னு ரெண்டு பக்கமும் நடந்து பாத்துட்டு வந்தேன்.”

சீட்டின் ஒரு பாதியைத் தூக்கி என் தலைக்கு மேல் பிடித்தார். லைன் வரை ஒன்றாக நடந்தோம். இன்று அண்ணன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசற்படி வரை வந்துவிட்டாராம். படியில் எப்படி இறங்குவது என்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டு ஆள் கூப்பிட்டாராம். நடந்துகொண்டே அதைச் சொன்னார்.